நல்ல காற்றோட்டமுள்ள வீடு

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

நான் சௌக்கியம். ரத்தக் கொதிப்பு மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. நீ, மாப்பிள்ளை, உங்கள் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மூவரும் ஒழுங்காக இருக்கிறீர்களா?

உன் பிறந்தநாள் அட்டை வந்தது. ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியிருந்தாய். ‘வாழ்த்துகள்’ என்று இருக்க வேண்டும். சிவப்பு மையால் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அதே அட்டையின் பின்பக்கத்தில், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்ட செய்தி போல ஒரு வரி: ‘ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகை வீடுகளைப் படமெடுத்துக் கொடுக்கிறேன், கொஞ்சம் வருமானம் வருகிறது.’ இரண்டு முறை படித்தேன். வேதியியல் பட்டதாரி. கௌரவமான ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவள் விடுமுறை நாளில் ஒரு வீட்டுத் தரகனின் பின்னால் போய் ஊரார் கக்கூஸைப் படமெடுக்கிறாள். நாய் விற்ற காசு குரைக்காது என்பாய். குரைக்காதுதான். ஆனால் விற்றவளைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள்.

பொழுதுபோக்கு என்றால் பொழுதைப் போக்க வேண்டும். அதற்குக் கூலி வாங்கினால் அது பொழுதுபோக்கும் இல்லை, தொழிலும் இல்லை. இரண்டுங்கெட்டான்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் ஒற்றுப்பிழை கேட்காது. எழுத்தில்தான் மனிதன் அகப்படுவான்.

உன் அண்ணி நலம். உன்னை விசாரித்தாள்.

உன் நலம் நாடும்,
அண்ணன்


ஜனவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். குழாய் ஒழுகுகிறது. மற்ற இரண்டு பேரும் நலம். உங்கள் கொதிப்பு என் அட்டையால் ஏறாமலிருந்தால் சரி.

நான் தரகரின் பின்னால் போகவில்லை. அவர்தான் கையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தார், ரத்தம் கொடுக்க. எங்கள் மாடிப்படியில் விழும் காலை வெயிலைப் படமெடுத்து லேப் சுவரில் மாட்டியிருந்தேன். ஊசி ஏறும்போது மனிதர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வீடு வாடகைக்கு வருமாம்மா?”

“வீடு இல்ல சார், மாடிப்படி.”

“மாடிப்படிக்கே குடிபோகணும்போல இருக்கே! என் வீடுங்களையும் இப்படி எடுத்துக் குடேன்.”

சிரித்தால் ஈறு முழுக்கத் தெரியும். அவருக்குப் பல்லழகர் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இது கக்கூஸைப் படமெடுக்கும் வேலைதான், மறுக்கவில்லை. மூடி மூடியிருக்க வேண்டும், அது ஒன்றுதான் என் சட்டம். மற்றபடி அறையின் மூலையில், நெஞ்சு உயரத்தில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சுவர் சாயாமல் எடுக்க வேண்டும். வேலையை விட வீட்டுக்காரர்களைச் சகிப்பதுதான் கஷ்டம். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் மூக்கில் இடிக்கிறது. விளம்பரத்தில் ‘நல்ல காற்றோட்டம்’ என்கிறார்கள். ஓதம் ஏறிய சுவருக்கு முன்னால் பீரோவை நகர்த்துகிறார்கள். நேற்று ஒருவர் என் காதோரம் வந்து, “பத்துக்குப் பத்து ரூமு. பதினஞ்சா வராதா?” என்றார். “நீங்க வெளிய போனீங்கன்னா வரும்” என்றேன்.

வந்த காசில், சின்ன அறையையும் முழுதாக அடக்கும் ஓர் அகல லென்ஸ் வாங்கினேன். ‘ஓர்’ போட்டிருக்கிறேன், கவனியுங்கள்.

அண்ணி ஏன் உங்கள் கடிதத்தின் அடியில் இரண்டு வரி கிறுக்கவில்லை? எப்போதும் எழுதுவார்களே. எழுதச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 20

அன்புள்ள தங்கைக்கு,

கொதிப்பு கட்டுக்குள் இருக்கிறது. மாப்பிள்ளையின் முதுகுவலி தேவலையா?

‘ஓர் அகல லென்ஸ்’ சரி. ‘லேப்’ என்ன மொழி?

அந்தக் காலத்துப் படக்காரன் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, ‘அசையாதீங்க’ என்று அதட்டினால் ஊரே அசையாமல் நின்றது. அதில் ஒரு வித்தை இருந்தது. இன்று போன் வைத்திருப்பவனெல்லாம் கலைஞன். பொத்தானை அமுக்கிய விரலுக்குக் கூலி கேட்கிறீர்கள். நாளை கொட்டாவி விட்டதற்கும் கேட்பீர்கள்.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். என் வாயிலிருந்து வந்ததால் மரியாதையாகச் சிரித்தார்கள். அங்கே என்னை ‘ஒற்று சார்’ என்றுதான் அழைப்பார்கள். என் மேசையைத் தாண்டி ஒரு ‘க்’ கூடத் தப்பிப் போகாது என்பதால் வந்த பட்டம்.

அண்ணிக்குக் கைவிரலில் வீக்கம். அதனால்தான் எழுதவில்லை. நலமாகத்தான் இருக்கிறாள்.

இவண்,
அண்ணன்


மார்ச் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதுகுவலி போய்விட்டது, அவருடைய முனகல் மட்டும் பழக்கத்தில் தொடர்கிறது. அண்ணியின் விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். நீங்கள் கொடுங்கள், அவர்களையே கொடுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

‘ஒற்று’ என்றால் உளவு என்றும் பொருள் உண்டு. அலுவலகத்தில் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?

போன வாரம் ஒரு வேலை. குடியிருப்பவர்கள் இன்னும் காலி செய்யவில்லை, அதற்குள் வீட்டுக்காரருக்குப் படம் வேண்டுமாம். குடியிருந்த பெண்ணின் அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே வராது. நான் கூடத்தை எடுக்கும்போது அவரை நாற்காலியோடு தூக்கிப் படுக்கையறையில் வைத்தார்கள். படுக்கையறையை எடுக்கும்போது சமையலறையில். சமையலறையை எடுக்கும்போது கூடத்தில். வீட்டுக்காரர் முன்னால் நடந்து, ‘ம், இந்தப் பக்கம்’ என்று கை காட்டிக்கொண்டிருந்தார். அலமாரிக்கு இடம் பார்ப்பவர்போல.

பெரியவர் என்னைப் பார்த்து, “நான் படத்துல விழுந்துடக் கூடாதும்மா. வாடகை குறைஞ்சிடும்” என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார்.

படங்கள் அருமையாக வந்தன. வெளிச்சமான, விசாலமான வீடு. எடுத்த கையை வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். இனிமேல் ஆள் இருக்கும் வீட்டை, அவர்கள் சம்மதமில்லாமல் எடுக்க மாட்டேன் என்று பல்லழகரிடம் சொல்லிவிட்டேன். “அப்ப வேலை பாதியாயிடுமே” என்றார். ஆகட்டும் என்றேன். ஆகிவிட்டது.

நீங்கள் சொன்னது இது அல்ல என்றாலும், கேவலம் என்ற வார்த்தைக்கு இந்த வேலையில் இடம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அன்புத் தங்கை


ஏப்ரல் 19

அன்புள்ள தங்கைக்கு,

தாமதத்துக்கு அலுவலக வேலை காரணம். நலம்தான். உங்கள் நலத்துக்கு எழுது.

நாற்காலிப் பெரியவர் கதையைப் படித்தேன். உருக்கமாக இருந்தது. உருக்கம் எளிது. கூலி வாங்கிய பிறகு கை கழுவுவது அதைவிட எளிது.

ஒரு சின்ன விஷயம். என் சக ஊழியர் ஒருவர் வீட்டை விற்கப் போகிறார். சாமான்கள் குறைவாக இருக்கும் அறையை, ஆள் புழங்கும் அறைபோலக் காட்ட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். உன்னிடம் கேட்கும்படியான பெரிய வித்தை இல்லைதான். அவர் வற்புறுத்தினார்.

உன் தொழில் எவ்வளவு சுலபம் என்று நிரூபிக்க, நம் வீட்டுக் கூடத்தை நானே போனில் எடுத்து, அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் அச்சுப் போட்டு இணைத்திருக்கிறேன். வகுப்புக்குப் போகவில்லை, லென்ஸ் வாங்கவில்லை. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்.

அண்ணி நலம்.

இவண்,
அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

படம் கிடைத்தது. சுவர் இடது பக்கம் சாய்கிறது. மூலையெல்லாம் மங்கலாக இருக்கிறது. கீழே நீட்டிக்கொண்டிருப்பது உங்கள் கட்டைவிரல் என்று நினைக்கிறேன். யானை என்று சொல்லிவிட்டுத் தும்பிக்கையை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள்.

உங்கள் சக ஊழியரிடம் சொல்லுங்கள்: சாமான் இல்லாத அறையை அப்படியே எடுப்பது நல்லது. வாங்க வருகிறவர்கள் குருடர்கள் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா.

அன்புத் தங்கை


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தை உங்கள் அக்கா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். அங்கே நீங்கள் இல்லையென்றால் அக்கா இதைக் கிழித்துப் போடட்டும், என் சந்தேகம் பொய் என்று சந்தோஷப்படுவேன். உங்கள் வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அண்ணன் சட்டைப்பையில். வேறு எப்படிக் கேட்பது?

அண்ணன் கூடத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். வீடு வீடாகப் போய்ப் பார்த்துப் பார்த்து எனக்கு இப்போது இதுதான் கண்ணில் படுகிறது. உங்கள் தையல் மெஷின் நின்ற இடத்தில் தரையில் நான்கு தடம் இருக்கிறது, மெஷின் இல்லை. மேசையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். நீங்கள் தைத்த திரைகள் இல்லை, ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருக்கிறது. கொடியில் நாலு சட்டை, எல்லாம் அண்ணனுடையது.

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று அவர் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறார், விரல் வீங்கியதால்தான் நீங்கள் எழுதவில்லையாம். நீங்கள் எங்கே நலமாக இருக்கிறீர்கள், அண்ணி?

உங்கள் நாத்தனார்


மே 8

அடி நாத்தனாரே,

நலமாக இங்கேதான் இருக்கிறேன், அக்கா வீட்டு மாடியில். விரல் வீங்கவில்லை. வீங்கியது என்று உன் அண்ணன் எழுதினாராமே? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார். சோறும் அவரே வடித்ததாக இருக்கும், அதுதான் எனக்குக் கவலை.

நவம்பரில் வந்தேன். குடி இல்லை, அடி இல்லை, இன்னொருத்தி இல்லை. அக்கம்பக்கத்தில் சொன்னால், ‘இதுக்கா வந்துட்டே?’ என்பார்கள். அதனால் சொல்வதில்லை. உனக்குச் சொல்கிறேன்.

அவர் அலுவலக நண்பரும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அம்மாள் என் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அப்பா போனதை நான் யாரிடமும் பேசுவதில்லை. அன்று என்னவோ வாய் வந்தது. “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தண்ணி கேட்டாரு. நான் எடுத்துட்டு வர்றதுக்குள்ள...” என்றேன்.

“செவ்வாய் இல்ல, புதன்” என்றார் உன் அண்ணன்.

அவ்வளவுதான். அந்த அம்மாள் தரையைப் பார்த்தாள். நான் டீ கொடுத்தேன், வழியனுப்பினேன், அடுப்பை அணைத்தேன், அக்காவுக்குச் சொல்லி வண்டி வரவழைத்து மெஷினை ஏற்றினேன். இருபத்திரண்டு வருஷம் நான் வாயைத் திறந்தபோதெல்லாம் அந்த மனிதர் சிவப்புப் பேனாவோடு காத்திருந்தார். கடைக்கு எழுதிய சாமான் சீட்டைக்கூடத் திருத்தித்தான் கொடுப்பார். பிழையில்லாத வெங்காயம் வாங்கினோம், போ.

நான் ஏறும்போது அவர் வாசலில் நின்று, “எப்ப வருவே?” என்றுகூடக் கேட்கவில்லை. “மெஷின் கால் இடிக்குது, பாத்து ஏத்து” என்றார் வண்டிக்காரனிடம்.

இப்போது திரைச்சீலைக் கடையில் தைக்கிறேன். வீடு இரண்டு பேர் பெயரில் இருக்கிறது, விற்றுப் பிரித்துக்கொள்வதென்று பேச்சு. ‘குடும்பத்துக்குத் தெரிய வேண்டாம்’ என்று எழுதிக் கேட்டார். சரி என்றேன். அன்பினால் இல்லை, சோம்பலினால். விளம்பரம் அவரே போட்டிருக்கிறார், பார்த்தேன். ஓர் எழுத்துப்பிழை இல்லை. படங்கள் பிணவறைபோல இருக்கின்றன. ஒருத்தரும் வரவில்லை. நீ போய் எடுத்துக் கொடு. தொழிலாகவே எடு, கூலியை இரண்டு பேர் பங்கிலும் பிடித்துக்கொள்.

அண்ணி


மே 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணி எழுதினார்கள், அவர்களும் நலம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு கேமராவோடு வருகிறேன், வீட்டைப் படமெடுக்க. உங்கள் சக ஊழியருடைய வீட்டை அல்ல.

தங்கை


மே 28

தங்கைக்கு,

வா. காலை வெயில் கூடத்துக்கு ஒன்பது மணிக்கு மேல்தான் வரும்.

உன் கடிதத்தில் பிழை ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அண்ணி,

நலமாகத் திரும்பி வந்தேன். உங்கள் தையல் கைக்கும் அக்காவின் முழங்காலுக்கும் நலம் கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். படங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். நடந்ததை எழுதுகிறேன். இனிப்புத் தடவி எழுத எனக்கு வராது.

அண்ணன் இளைத்திருக்கிறார். சட்டை மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. உள்ளே போனால், வீட்டை ஜோடித்து வைத்திருக்கிறார். கட்டிலில் இரண்டு தலையணை, இரண்டாவதில் கடைச் சீட்டு இன்னும் தொங்குகிறது. மேசையில் இரண்டு தம்ளர். நீங்கள் விட்டுப்போன பழைய நீலப் புடவையை, நேற்றுத் துவைத்ததுபோலக் கொடியில் போட்டிருந்தார். நான் ஸ்டாண்டை விரிக்காமல் நின்றேன்.

“என்ன? வெயில் போயிடும்” என்றார்.

“இத நான் எடுக்க மாட்டேன், அண்ணா.”

“குடும்பம் இருந்த வீடுன்னா நல்லா போகும். வாங்கறவன் ராசி பாப்பான்.”

“வாங்கறவன் பாக்கறதுக்கா புடவைய நனைச்சுப் போட்டீங்க?”

கையில் தூசி தட்டும் துணி. ஏற்கெனவே தட்டிய நாற்காலியை மறுபடி தட்டினார்.

“ஏன் போனேன்னு சொன்னாளா?”

“சொன்னாங்க.”

“கிழமைக்காகவா?”

“உங்களுக்கே தெரிஞ்சிருக்கே.”

“அது புதன்தான், தெரியுமா?” என்றார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது, அப்போதும் புதன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டாண்டாலேயே ஒன்று போட்டிருப்பேன்.

“புதனாவே இருக்கட்டும். நீங்கதான் ஜெயிச்சீங்க. ஜெயிச்சு என்ன வச்சிருக்கீங்க இப்ப? தூசித் துணி.”

அவர் துணியைப் பார்த்தார். பிறகு போய்ப் புடவையை எடுத்து மடித்தார். மடிக்கத் தெரியவில்லை, மூலை சேரவில்லை. நான் உதவிக்குப் போகவில்லை. தலையணையை அலமாரியில் போட்டார். ஒரு தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். ஜன்னலில் ஒட்டியிருந்த செய்தித்தாளைக் கிழித்தார், உங்கள் கூடத்தில் திடீரென்று அவ்வளவு வெளிச்சம்.

மதியம் வரை எடுத்தேன். கதவைப் பிடிக்கச் சொன்ன இடத்தில் பிடித்தார், நகரச் சொன்னபோது நகர்ந்தார். ஒரு தடவைகூட ‘பொத்தான் அமுக்கற வேலை’ என்று சொல்லவில்லை. கிளம்பும்போது கேட்டார்:

“நான் எப்படியிருக்கேன்னு கேட்டாளா?”

“இல்ல.”

“சரி” என்றார். “பொய் சொல்லாம சொன்னே.”

இவ்வளவுதான். அவருக்காகப் பேச நான் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். பல்லழகருக்குத் தெரிந்த தரகர் ஒருவர் அங்கே இருக்கிறார், படங்கள் அவரிடமும் போயிருக்கின்றன.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 23

என் நாத்தனாருக்கு,

அக்காவின் முழங்கால் தவிர இங்கே எல்லாம் நன்றாக நடக்கிறது. நீயும் உன் முனகல்காரரும் சுகமா?

வீடு விலை முடிந்துவிட்டது. உன் படங்களைப் பார்த்துத்தான் வந்தார்களாம், பள்ளிக்கூடத்து வாத்தியாரும் மனைவியும். நானும் அந்தப் படங்களை மாடியில் பரப்பிவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். அடியே, அது அவ்வளவு பெரிய வீடா? இருபத்திரண்டு வருஷம் இருந்தவளுக்குத் தெரியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நின்றுகொண்டிருந்தார், சுவர் எங்கே தெரியும்?

எங்கள் கடை முதலாளியிடம் அந்தப் படங்களைக் காட்டினேன். தைத்த திரைகளை எல்லாம் மாட்டி, அப்படி எடுத்துத் தர முடியுமா என்கிறார். கஞ்சன். முதலில் சொன்ன கூலிக்கு உன் செருப்பைக்கூடப் படமெடுக்க முடியாது. பேசி ஏற்றியிருக்கிறேன். அடுத்த மாதம் வா, என்னோடு தங்கு.

போன வாரம் கையெழுத்துப் போடப் பத்திர அலுவலகம் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எழுத்தர் பத்திரத்தைப் படித்தார். படித்தாரா, மென்றாரா தெரியாது. என் அப்பா பெயரை ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னார். நான் திரும்பி இவரைப் பார்த்தேன். வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். மூடிய வாய் அந்த முகத்துக்குப் பொருந்தவே இல்லை, பாவம். பிழையை நானே சொல்லித் திருத்தினேன்.

வெளியே வந்ததும், “டீ குடிக்கிறியா?” என்றார்.

குடித்தேன். பக்கத்துக் கடைதான், ஆறிப்போன டீ, சர்க்கரை அள்ளிக் கொட்டியிருந்தான்.

“டீ நல்லா இல்ல” என்றேன்.

“ஆமா” என்றார்.

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸுக்கு அவர் போனார், என் பஸ்ஸுக்கு நான் வந்தேன்.

வரும்போது அகல லென்ஸைக் கொண்டு வா. கடை சின்னது.

அண்ணி